இண்டியானாவில் பள்ளிக் கூடைப்பந்துக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி (வாசகர் ஒருவர், மார்ச் 3, 2025)

வேலை மாறி இண்டியானாபொலிஸுக்கு வந்து சில மாதம் ஆகிறது. ஆபீஸில் மார்ச் வந்தால் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடும் கூடைப்பந்து, மே வந்தால் கார் ரேஸ், வேறு பேச்சே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் ஸ்பீட்வே ஊரின் பள்ளி அணிக்கு ஸ்பார்க் பிளக்ஸ் என்று பெயராம். நிஜமா, வெளியூர்க்காரனிடம் விடுகிற கதையா?

மார்ச் 3, இரவு

ஸ்பார்க் பிளக்ஸ் நிஜம். ஸ்பீட்வே ஊரே ரேஸ் டிராக்கை ஒட்டி எழுந்த ஊர். 1909ல் அந்த டிராக்கைப் போட்டவர்கள் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் என்ற நாலு பேர். ஊரின் தொடக்கப் பள்ளிகளுக்கும் இந்த நாலு பேரின் பெயர்தான். வீலர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேரும் பையன், பெரியவனானதும் ஸ்பார்க் பிளக்ஸ் பனியனை மாட்டிக்கொண்டு பந்தைத் தட்டுவான்.

பெயரை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன், நாளை காலை ஷிஃப்ட்.

மார்ச் 4

ஒரே குடும்பம் என்று சொல்பவர்கள் முதலில் நீட்டும் ஆதாரம் 1911. அந்த வருடம் மார்ச்சில் புளூமிங்டனில், இண்டியானா பல்கலைக்கழகத்தில், மாநிலப் பள்ளிகளுக்கான முதல் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. இறுதியில் கிராஃபோர்ட்ஸ்வில் 24–17 என்று லெபனானைத் தோற்கடித்தது. அதே வருடம் மே 30ல் ஸ்பீட்வே டிராக்கில் முதல் 500 மைல் ரேஸ், இன்று இண்டி 500 என்கிறார்களே, அதுதான். ரே ஹாரூன் மார்மன் வாஸ்ப் காரில், மணிக்கு 74.6 மைல் சராசரி வேகத்தில் ஜெயித்தார். மார்மன் இண்டியானாபொலிஸிலேயே செய்த கார்.

எனக்கு இது தற்செயலாகத்தான் படுகிறது. நான் பிறந்த வருடத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் எனக்கு மச்சான் ஆகிவிட முடியுமா?

மார்ச் 9

ஞாயிறு, நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உறவைத் தேட வேண்டிய இடம் பூமிக்கு அடியில் இருந்த எரிவாயு. 1886லிருந்து மாநிலத்தின் கிழக்கு-மத்தியப் பகுதியில் கேஸ் பீறிட்டுக் கிளம்பியது. மன்சி, ஆண்டர்சன், கோகோமோ, மேரியன் எல்லாம் அந்த வட்டாரம். கேஸ் சும்மா கிடைக்கும், வாருங்கள் என்று ஊர் ஊராகப் போட்டி போட்டுத் தொழிற்சாலைகளை இழுத்தார்கள். தெருவில் ஜோதியை இரவும் பகலும் எரியவிட்டு வேடிக்கை காட்டினார்கள். ஊதாரித்தனம் எத்தனை நாள் தாங்கும்? 1910 வாக்கில் கேஸ் தீர்ந்தது. ஆனால் உலைகளும் லேத்துகளும் கைத்தொழில் தெரிந்த ஆட்களும் ஊரிலேயே இருந்தார்கள். அந்தப் பட்டறைகளுக்குள்தான் மோட்டார் கார் நுழைந்தது.

கோகோமோவின் எல்வுட் ஹேன்ஸ் கேஸ் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். 1894 ஜூலை 4 அன்று பம்ப்கின்வைன் பைக் என்ற சாலையில் தன் காரை ஓட்டிப் பார்த்தார். ஆண்டர்சனில் ரெமி சகோதரர்கள் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ செய்தார்கள், அது பின்னால் டெல்கோ ரெமி ஆனது. மன்சியில் 1901ல் வார்னர் கியர் தொடங்கியது, அது போர்க்வார்னர் என்ற பெரிய கம்பெனிக்குள் போனது. நியூ காசிலில் 1907ல் மேக்ஸ்வெல்-பிரிஸ்கோ ஆலை, பிறகு அதுவே கிரைஸ்லர். இத்தனை கம்பெனிகளுக்கும் காரை விரட்டிப் பார்க்க இடம் வேண்டுமே, நல்ல ரோடு ஏது? அந்தத் தேவைக்குத்தான் ஃபிஷர் இரண்டரை மைல் டிராக்கைப் போட்டார். டிக்கெட் விற்று ரேஸ் விடுவது கூடவே வந்த வியாபாரம்.

இப்போது இன்னொரு பட்டியல். பள்ளிக் கூடைப்பந்தில் பேர் போன நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸில் பல காலம் ஆடிய அணிகள்: ஆண்டர்சன், கோகோமோ, மன்சி சென்ட்ரல், மேரியன், நியூ காசில் மற்றும் சில. மேலே இருக்கும் ஊர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே வரிசை.

காரணம் பணம். ஆலைகள் ஓடிய ஊரில் வாரச் சம்பளம் புழங்கியது, வரி வந்தது, ஊர்ப் பெருமைக்குச் செலவழிக்க ஆள் இருந்தார்கள். செக்ஷனல் எனப்படும் முதல் சுற்று யார் ஜிம்மில் நடக்கிறதோ அந்த ஊருக்குச் சொந்த மைதான வசதியும் உண்டு, டிக்கெட் பணத்தில் பங்கும் உண்டு. பெரிய ஜிம் வைத்திருக்கும் ஊருக்குத்தான் அந்த வாய்ப்பு. ஆகவே பக்கத்து ஊர் 5,000 பேருக்குக் கட்டினால் நம் ஊர் 7,000 பேருக்குக் கட்ட வேண்டும் என்ற வீம்பு. ஆண்டர்சனின் விக்வாம் ஜிம்மில் ஏறக்குறைய 9,000 இருக்கைகள். கல்லூரிக்கு இல்லை, பள்ளிக்கு.

மார்ச் 10

"அந்த ஊர்களில் வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டவருக்கு: பனிக்காலத்தில் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டிவிடும், வயலில் பனி, சூடான ஜிம்மில் ஊரே உட்கார்ந்திருக்கும். வெயில் வந்ததும் அதே கூட்டம் ரேஸ் டிராக்கின் பலகை இருக்கைக்கு இடம் மாறும். இரண்டு சீசனும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை.

மார்ச் 16

நேற்று நியூ காசில் போயிருந்தேன். உலகின் மிகப் பெரிய பள்ளி ஜிம் என்று வாசலிலேயே தம்பட்டம் அடிப்பார்கள். 1959ல் திறந்தது, இன்றைய கணக்கில் 8,424 பேர் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தாழ்வான கட்டடம். கதவைத் திறந்து நுழைந்தால் மேல் வரிசையில் நிற்கிறோம், ஆடுகளம் எங்கோ கீழே கிடக்கிறது. கிரைஸ்லர் ஆலை இருந்த ஊரில் இப்போது ஆலை இல்லை, ஜிம் இருக்கிறது. பக்கத்திலேயே இண்டியானா கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம். கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீவ் ஆல்ஃபர்ட் படித்த பள்ளி இது. ஆண்டர்சனுக்கு இந்தக் கொடுப்பினையும் இல்லை. அங்கே டெல்கோ ரெமியும் போனது, மூன்று உயர்நிலைப் பள்ளிகள் ஒன்றாகச் சுருங்கின, விக்வாமை 2011ல் பள்ளி நிர்வாகம் மூடியது. ஆனால் ஆண்டர்சன் ஸ்பீட்வேயில் லிட்டில் 500 ரேஸ் 1949லிருந்து நடக்கிறது. கால் மைல் டிராக்கில் 500 சுற்று, 33 ஸ்பிரின்ட் கார், மூன்று மூன்றாகப் பதினொரு வரிசை, பெரிய ரேஸின் அச்சு அசல் குட்டி நகல். தலை சுற்றும், காதும் போகும். காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

போகும் வழியில் ஷெல்பிவில்லில் நிறுத்தினேன். இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வில்பர் ஷா பிறந்த ஊர் (1902). இண்டி 500ஐ 1937, 1939, 1940 என்று மூன்று முறை ஜெயித்தவர். போரால் நாலு வருடம் பூட்டிக் கிடந்து புல் முளைத்துப் போன டிராக்கை வாங்க ஆள் தேடி அலைந்து, டெர்ரே ஹோட் வியாபாரி டோனி ஹல்மனைச் சம்மதிக்க வைத்தவரும் ஷாதான். அதே ஷெல்பிவில்லின் பள்ளி ஜிம்முக்கு இன்று பில் காரெட் பெயர். 1947ல் ஷெல்பிவில் மாநிலப் பட்டம் வாங்கியபோது அவர்தான் நட்சத்திரம், அந்த வருடத்தின் மிஸ்டர் பாஸ்கெட்பால், அதாவது மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, பிக் டென் கல்லூரிகளில் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த எழுதப்படாத கட்டுப்பாட்டை உடைத்தார். 1959ல் இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளிக்குப் பயிற்சியாளராக மாநிலப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 17

ஹல்மன் டிராக்கை வாங்கியது 1946 என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். வாங்கியது 1945 நவம்பர், எடி ரிக்கன்பேக்கரிடமிருந்து, 7.5 லட்சம் டாலருக்கு. மறுபடி ரேஸ் ஓடியது 1946 மே. போர்க்காலத்தில் கூடைப்பந்து நிற்கவில்லை, ஆனால் வழக்கமாக இறுதிப் போட்டி நடக்கும் பட்லர் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கை ராணுவம் எடுத்துக்கொண்டதால் 1943 முதல் 1945 வரை இறுதிப் போட்டிகள் மாநிலப் பொருட்காட்சித் திடலின் கொலிசியத்துக்குப் போயின. அந்தத் திடலில் ஒரு மைல் மண் டிராக்கும் இருக்கிறது. 1925 முதல் 1927 வரையும் பட்டப் போட்டிகள் இதே திடலில்தான் நடந்தன. அந்தக் கட்டடத்தை மாட்டுக்கொட்டகை என்றே கூப்பிட்டார்கள். 1925ல் அங்கே பார்வையாளராக வந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே மனிதர். 1927ல் அங்கே மார்ட்டின்ஸ்வில் ஜெயித்தபோது அணியில் இருந்த பையன் ஜான் வுட்டன், பின்னாளில் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பயிற்சியாளர்.

மார்ச் 23

மைலன் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது போலிருக்கிறது, மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கதை எல்லோருக்கும் தெரியும்: 161 பிள்ளைகள் படித்த பள்ளி, 1954ல் 751 பள்ளிகள் கலந்துகொண்ட ஒரே போட்டியில் பட்டம் வாங்கியது. பாபி பிளம்ப் நாலாவது கால்பகுதியில் நாலு நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார், கடைசியில் ஒரே ஒரு எறி, 32–30. இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விரட்டும் ஷாட் கிளாக் அப்போது கிடையாது. இன்று அப்படி நின்றால் சொந்த ஊர்க்காரனே கல்லெடுப்பான்.

நான் சொல்ல வந்தது அவர்கள் தாண்டி வந்த வரிசை. இறுதி நாளுக்கு முந்தைய செமிஸ்டேட் சுற்றில் கிறிஸ்பஸ் அட்டக்ஸை 65–52 என்று வென்றார்கள், அந்த அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற இளம் பையன் இருந்தான், பின்னாளில் என்பிஏ நட்சத்திரம். இறுதி நாள் மதியம் டெர்ரே ஹோட் கெர்ஸ்ட்மையரை 60–48. அது ரேஸ் டிராக் முதலாளியின் ஊர். இரவு மன்சி சென்ட்ரல். இண்டி 500 ஜெயிப்பவருக்கு 1936லிருந்து கொடுக்கும் வெள்ளிக் கோப்பையின் பெயர் போர்க்வார்னர், அதன் வேர்களில் ஒன்று மன்சியின் கியர் பட்டறை. ஒரே நாளில் ஹல்மன் ஊரையும் கோப்பை ஊரையும் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். (சரி, கொஞ்சம் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுகிறேன். ஆனால் முடிச்சு விழுகிறதே.)

இழுக்காமலே விழும் முடிச்சு ஒன்று உண்டு: டாம் கார்னகி. 1946ல் வில்பர் ஷா இவர் குரலைக் கேட்டுப் பிடித்துப்போய் ரேஸ் டிராக் ஒலிபெருக்கியில் உட்கார வைத்தார், 2006 வரை எழுந்திருக்கவில்லை. தகுதிச் சுற்றில் யாராவது சாதனை வேகம் தொட்டால் இவர் அறிவிக்கும் தோரணைக்காகவே கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்குமாம். அதே மனிதர்தான் மார்ச் மாதங்களில் பள்ளிக் கூடைப்பந்து இறுதிப் போட்டிகளை வர்ணித்தவர். மைலன் கதையை வைத்து 1986ல் வந்த படத்திலும் அறிவிப்பாளராகத் தலைகாட்டினார். 2011ல் 91 வயதில் இறந்தார். இரண்டு சீசனுக்கும் ஒரே குரல். உங்கள் ஆபீஸ்காரர் ஒரே குடும்பம் என்று சொல்வதில் பாதி இந்தக் குரல் காதில் ஏறியதால் வந்ததாக இருக்கும்.

மார்ச் 24

என் சாய்வு என்னவென்று கேட்டார்கள். சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்த்துக் கட்டியது திறந்த வாசல். கூடைப்பந்தில் 1997 வரை எந்தப் பள்ளியும் ஒரே போட்டிக்குப் பெயர் கொடுத்தது, பெரியது சின்னது என்ற பிரிவு இருக்கவில்லை. 1938ல் 787 பள்ளிகள் ஆடின. ரேஸிலும் 33 இடம், மே மாதம் காரோடு வந்து நாலு சுற்றில் வேகம் காட்டினால் உள்ளே, உன்னைவிட வேகமாக ஒருவன் வந்தால் நீ வெளியே. 1994ல் அந்த ரேஸையே சுருட்டிக்கொண்டு போன பென்ஸ்கி அணி, மறு வருடம் அல் அன்சர் ஜூனியரையும் ஃபிட்டிபால்டியையும் வைத்துக்கொண்டு 33க்குள் வர முடியாமல் வீட்டுக்குப் போனது. பணக்காரன் என்று பார்த்து யாரும் நாற்காலி போடவில்லை.

மார்ச் 24, சிறிது நேரம் கழித்து

"எந்தப் பள்ளியும் என்றால் எந்தப் பள்ளி?" என்று ஒரே வரியில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு ஒரு வரி போதாது.

1927ல் இண்டியானாபொலிஸ் கறுப்பினப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளிலிருந்து பிரித்து கிறிஸ்பஸ் அட்டக்ஸில் அடைத்தது. அந்தப் பள்ளியை 1942 வரை மாநிலப் போட்டியில் சேர்க்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே கதி. ரேஸிலும் அப்படியே, கறுப்பின ஓட்டுநர்களுக்கு இண்டி 500ல் இடமில்லை. ஆகவே அவர்கள் 1924ல் கோல்ட் அண்ட் குளோரி என்று தனியாக 100 மைல் ரேஸ் தொடங்கினார்கள். இடம், அதே பொருட்காட்சித் திடலின் மண் டிராக். கூடைப்பந்துப் பட்டப் போட்டிகள் நடந்த மாட்டுக்கொட்டகையும் அதே வளாகம். அங்கே பல முறை வென்ற சார்லி விக்கின்ஸ் இண்டியானாபொலிஸில் மெக்கானிக். 1936ல் அங்கே நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார், அந்த ரேஸும் அதோடு நின்றது. 500ல் ஒரு கறுப்பின ஓட்டுநர் தகுதி பெற 1991 ஆனது, வில்லி டி. ரிப்ஸ்.

அட்டக்ஸ் 1955ல் ஆஸ்கர் ராபர்ட்சனை வைத்துப் பட்டம் வாங்கியது. 1956ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடியும். வழக்கப்படி ஜெயித்த அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி நகர நடுவில் மான்யுமென்ட் சர்க்கிளில் வைத்துக் கொண்டாடுவார்கள். இந்தப் பையன்களை அங்கே ஒரு சுற்று மட்டும் காட்டிவிட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்த நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குத் திருப்பிவிட்டார்கள். ராபர்ட்சன் அதை மறக்கவே இல்லை. 2015ல் இண்டி 500ஐ ஒட்டி நடக்கும் ஊர்வலத்துக்கு அந்த அணியைத் தலைமை தாங்க அழைத்தார்கள். கூடைப்பந்து அணிக்கு மறுத்த ஊர்வலத்தை 60 வருடம் கழித்து ரேஸ்காரர்கள் கொடுத்தார்கள். தாமதமாகவாவது கொடுத்தார்களே என்று சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது, அணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

திறந்த வாசல் என்று நான் சொன்னது அப்படியே நிற்கட்டும், ஆனால் வாசலில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 30

நேற்று பையன்களின் இறுதிப் போட்டிகள். நாலு பிரிவு, நாலு கோப்பை. டிவியில் பார்த்தேன், இரண்டாவது ஆட்டத்தில் தூங்கிவிட்டேன்.

பெண்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று மனைவி கேட்டாள், நியாயம். பெண்கள் மாநிலப் போட்டி 1976ல்தான் தொடங்கியது. வார்சா பள்ளி ஜெயித்தது, ஜூடி வாரன் முதல் மிஸ் பாஸ்கெட்பால். அதே 1976 மேயில் ஜேனட் கத்ரி இண்டி 500க்கு வந்து முயன்றார், 1977ல் தகுதி பெற்று ஓட்டினார். 1971க்கு முன் பெண்களை கராஜ் பகுதிக்குள்ளேயே விட மாட்டார்கள். 1911 தற்செயல் என்று தள்ளினேன், 1976ஐ அப்படித் தள்ளத் தோன்றவில்லை. பெண்களுக்கும் விளையாட்டில் சம இடம் தர வேண்டும் என்ற சட்டம் 1972ல் வந்து, காற்றே திரும்பியிருந்த நேரம் அது.

ஏப்ரல் 13

நாலு கோப்பை எப்படி வந்தது?

1996ல் மாநிலப் பள்ளிகள் கூடி ஒற்றைப் போட்டி போதும், மாணவர் எண்ணிக்கையை வைத்து நாலு பிரிவாக்குவோம் என்று முடிவெடுத்தன. 1997 மார்ச்சில் கடைசி ஒற்றைப் பட்டம். புளூமிங்டன் நார்த், தன்னைவிடச் சிறிய, மன்சிக்குப் பக்கத்துப் பள்ளியான டெல்டாவைத் தோற்கடித்தது. இன்னொரு மைலன் ஆகியிருக்கும், ஆகவில்லை, 75–54.

அதே 1996ல் ரேஸும் உடைந்தது. ஹல்மனின் பேரன் டோனி ஜார்ஜ் இண்டி ரேசிங் லீக் என்று தனியாகத் தொடங்கி, 500ன் 33 இடத்தில் 25ஐத் தன் லீக்கில் ஓட்டுபவர்களுக்கே ஒதுக்கினார். பெரிய அணிகள் முறைத்துக்கொண்டு அதே நாளில் மிச்சிகனில் வேறு ரேஸ் நடத்தின. தொடங்கும் முன்பே ஒன்றோடொன்று மோதி அங்கே கார்கள் நொறுங்கியது தனி வேடிக்கை. பங்காளிச் சண்டை 12 வருடம் ஓடி, 2008ல் சமாதானம் ஆனது. அதற்குள் பாதிப் பேர் நாஸ்கார் என்ற வேறு வகை கார் ரேஸ் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒரே வருடத்தில், ஒரே மாநிலத்தில், எல்லோரும் ஒரே களத்தில் மோதுவது என்ற ஏற்பாடு இரண்டு இடத்திலும் முடிந்தது. காரணங்கள் வேறு வேறு: ஒன்று சின்னப் பள்ளிகளின் குறை, இன்னொன்று குடும்பச் சொத்தும் அதிகாரமும். ஆனால் இங்கே பழைய ஆட்களிடம் பேசினால் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். என் கணக்கில் உங்கள் ஆபீஸ்காரரின் ஒரே குடும்பம் பேச்சுக்கு 1911ஐ விட 1996 நல்ல ஆதாரம்.

ஏப்ரல் 14

"பழைய ஆட்கள் புலம்பட்டும், சின்னப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது கோப்பை கிடைக்கிறதே" என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்கிறேன், அதற்குமேல் ஒன்று சேர்க்கிறேன். மைலனுக்குப் பிறகு அந்த அளவுப் பள்ளி எதுவும் ஒற்றைப் பட்டத்தை வெல்லவில்லை. 1959ல் பள்ளிகளை இணைக்கும் சட்டம் வந்து நூற்றுக்கணக்கான சின்னப் பள்ளிகளே இல்லாமல் போயின. 787 இருந்த இடத்தில் 1997ல் 400கூட இல்லை. ஆக 1996ல் செத்தது ஏற்கெனவே படுத்த படுக்கையாய்க் கிடந்தது. தோற்பதற்கென்றே வருடா வருடம் செக்ஷனலுக்குப் போய்வந்த பள்ளியின் அப்பா அம்மாவிடம் போய் ஒற்றைப் பட்டத்தின் அழகைப் பற்றிப் பேசினால் காபிகூடக் கிடைக்காது.

அப்படியும் 1990 இறுதிப் போட்டிக்கு 41,046 பேர் வந்தார்கள். டேமன் பெய்லி என்ற பையனைப் பார்க்க. பள்ளி ஆட்டத்துக்கு. நாலு கோப்பை வந்தபின் அந்தக் கூட்டம் எங்கே?

ஏப்ரல் 27

நான் இருப்பது கொலம்பஸில், டீசல் எஞ்சின் ஊர், இங்கே தமிழ்க் குரல் கேட்காத மளிகைக் கடை இல்லை. இந்த ஊரின் பங்கு கேட்டால் நீளும், சுருக்கமாக: 1931ல் கம்மின்ஸ் டீசல் காரில் டேவ் எவன்ஸ் 500 மைலையும் ஒரு முறைகூட நிறுத்தாமல் ஓட்டி 13ஆவதாக வந்தார். 1952ல் ஃபிரெட் அகபாஷியன் கம்மின்ஸ் டீசலில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். இண்டியில் ஓடிய முதல் டர்போ கார் அது. டர்போவின் காற்று வாய் தாழ்வாக இருந்ததால் டிராக்கில் கிடந்த ரப்பர் துணுக்கெல்லாம் உள்ளே போய் அடைத்து, 71 சுற்றோடு நின்றது. எஞ்சின் வேலை செய்பவன் என்ற முறையில் அந்தக் காற்று வாயை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ரேஸ் ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட்டும் எங்கள் கொலம்பஸ் நார்த் பள்ளிதான்.

மே 4

நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டவருக்கு: 2005 ஜூன், அதே ஸ்பீட்வேயில் ஃபார்முலா ஒன். டயர் பிரச்சினையில் மிச்செலின் டயர் போட்ட அணிகளெல்லாம் ஒரு சுற்று வந்து கராஜுக்குள் போய்விட, ஓடியது ஆறு கார். ஜோர்டான் காரில் நம் கோவைக்காரர் நாலாவது, 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் வாங்கிய முதல் புள்ளிகள். ஆறு பேரில் நாலாவது என்று கிண்டல் செய்பவர்களுக்கு ஒன்று: மைலன் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் கிண்டல் செய்திருப்பார்கள், கோப்பையில் அதெல்லாம் எழுதுவதில்லை.

மே 26

நேற்று இரண்டு சீசனும் ஒன்றோடொன்று மோதிவிட்டது, மோதியதே இல்லை என்று மார்ச் பத்தாம் தேதி எழுதியதற்கு நல்ல பதில். மதியம் 500, அலெக்ஸ் பலோ ஜெயித்தார். இரவு அதே நகரத்தில் பேசர்ஸ்–நிக்ஸ் என்பிஏ ஆட்டம், உள்ளூர் அணியான பேசர்ஸ் தோற்றது. ரேஸின் இருக்கைகள் அத்தனையும் விற்றுத் தீர்ந்ததால் உள்ளூர் டிவியில் அதை நேரலையாகக் காட்ட விட்டார்கள். நான் வீட்டில் சோபாவில். வெயிலில் காய்ந்து, ரேஸ் முடிந்து டிராஃபிக்கில் நகர்ந்து, அப்படியே ஆட்டத்துக்கும் போன ஒரு நண்பர் இன்று வேலைக்கு வராததற்கு மெமோரியல் டே என்ற சாக்கு இருந்தது, நல்லவேளை.

மே 28

டெர்ரே ஹோட்டில் ஏதாவது பார்க்க உண்டா என்றவருக்கு: இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஹல்மன் சென்டர். ரேஸ் டிராக் முதலாளி ஹல்மன் 25 லட்சம் டாலர் கொடுத்து 1973ல் திறந்த அரங்கம். அதை நிரப்பியவர் ஸ்பிரிங்ஸ் வேலி பள்ளியிலிருந்து வந்த லாரி பேர்ட். 1979ல் அந்த அணி ஒரு தோல்விகூட இல்லாமல் இறுதி ஆட்டம் வரை போய் மேஜிக் ஜான்சனிடம் தோற்றது. ரேஸில் சம்பாதித்த பெயரும் மளிகை மொத்த வியாபாரத்தில் சம்பாதித்த பணமும் சேர்ந்து கட்டிய தரையில் ஆடியவர், 2017ல் இண்டியானாபொலிஸுக்கு என்பிஏ ஆல் ஸ்டார் ஆட்டம் கேட்டு நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இண்டி காரில் போய் விண்ணப்பம் கொடுத்தார். கேட்டது 2021க்கு, கோவிட் வந்து கிடைத்தது 2024ல். 6 அடி 9 அங்குல ஆளை அந்த காக்பிட்டுக்குள் எப்படி மடித்து வைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.